ஒரு குறுவைக் காலத்துக்கு ஒரு பாட்காஸ்ட்

1946 மார்ச்சில் பிபிசி வானொலியில் அலிஸ்டர் குக் அமெரிக்காவைப் பற்றி வாரம் ஒரு பேச்சு பேசத் தொடங்கினார். முதலில் பேசி முடிவானது 13 வாரத்துக்கு மட்டும். சால்ஃபோர்டில் பிறந்த அந்த ஆங்கிலேயர் 2004 பிப்ரவரி வரை நிறுத்தவில்லை. மொத்தம் 2,869 பேச்சு, ஒவ்வொன்றும் ஏறக்குறையக் கால் மணி நேரம். அவருடைய கடைசிப் பேச்சு ஒலிபரப்பான அதே மாதத்தில்தான் பென் ஹேமர்ஸ்லி என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் கார்டியன் நாளிதழில் ‘பாட்காஸ்டிங்’ என்ற சொல்லை எழுதினார்.

பாட்காஸ்ட், அதாவது இணையத்தில் பாகம் பாகமாக வெளியிடும் ஒலி நிகழ்ச்சி, புதிதாகத் தொடங்குகிறவருக்கு 2,869 என்ற எண் மலைப்பைத்தான் தரும். 13 என்பது கைக்கு அடங்கும். 13 வாரம் என்றால் 91 நாள், ஒரு குறுவைப் பயிரின் வயதைவிட இரண்டு மூன்று வாரம் குறைவு. ஒரு தாளில் 1 முதல் 13 வரை எண் போட்டு, எதிரே அந்தந்தப் பாகத்தில் என்ன வரும் என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். ‘விவசாயம்’ என்று தலைப்பு வைத்தால் நாலாவது வரியிலேயே பேனா நின்றுவிடும், ஏனென்றால் எதைக் கேட்பது என்றே தெரியாது. ‘வெண்ணாற்றுக் கடைமடைக்குத் தண்ணீர் எப்படி வந்து சேருகிறது’ என்று வைத்துப் பாருங்கள். மதகு, ஷட்டர், முறைப்பாசனம், தூர்வாருதல், ஆகாயத்தாமரை, வடிகால், உப்புநீர் ஏறுதல் என்று 13 தானாக நிரம்பும்.

மூன்று பாகம் முழுதாக முடித்துக் கையில் வைத்துக்கொண்ட பிறகு முதல் பாகத்தை வெளியிடுங்கள். ஐப்பசி மழையில் இரண்டு நாள் கரண்ட் இருக்காது, வைகாசியில் நாலு கல்யாணம் வரும், தொண்டை கட்டும். கையிருப்பு இல்லாதவர்கள் ஐந்தாவது வாரத்தில் காணாமல் போகிறார்கள். வெளியிடும் கிழமையும் நேரமும் மாறக்கூடாது. பிபிசி தமிழோசை சிற்றலையில் இரவு 9.15 மணிக்கு வந்த காலத்தில், அந்த நேரத்துக்கு வானொலிப் பெட்டியை முறுக்குவது கேட்டவர்களின் கைப்பழக்கமாகவே ஆகியிருந்தது. அந்தப் பழக்கத்தை உண்டாக்குவதுதான் முதல் 13 வாரத்தின் வேலை.

அறைதான் பாதி வேலை

மைக் வாங்கப் பணம் சேர்ப்பதற்கு முன் வீட்டில் எந்த அறை என்று முடிவு செய்யுங்கள். நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். ‘டிங்’ என்று ஒரு வால் நீண்டால் அந்த அறை வேண்டாம். மொசைக் தரை, சிமெண்டுச் சுவர், தளம் போட்ட கூரை, சாமான் இல்லாத கூடம்: டெல்டாவில் புதிதாகக் கட்டும் வீடுகள் எல்லாம் இந்த வகை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கும். பதிவில் ஏறிவிட்ட எதிரொலியை எந்த மென்பொருளும் சுத்தமாக எடுத்துத் தராது.

நெல் மூட்டை அடுக்கிய அறை கிடைத்தால் அதைவிட நல்ல ஸ்டுடியோ இல்லை. கனமான, சொரசொரப்பான, காற்று நுழையும் எதுவும் ஒலியைக் குடிக்கும். மூட்டை இல்லையென்றால் புடவை பீரோவைத் திறந்து வைத்து அதைப் பார்த்துப் பேசுங்கள். முதுகுப்புறம் ஒரு இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவது வீண் வேலை. மேல்ஸ்தாயியைக் கொஞ்சம் குறைக்கும், கூடத்தின் முழக்கம் அப்படியே இருக்கும்.

அடுத்தது நேரம். ஒரு நாள் முழுக்க மணிக்கொரு முறை ஒரு நிமிடம் அந்த அறையில் உட்கார்ந்து காதில் விழுவதை எழுதுங்கள். மார்கழியில் விடியற்காலை கோயில் ஒலிபெருக்கி, ஆடியில் அம்மன் கோயில் குழாய் ரேடியோ, ஐப்பசி கார்த்திகையில் இரவெல்லாம் தவளை, தை மாசியில் அறுப்பு மிஷின், மும்முனை மின்சாரம் வந்தால் பம்புசெட். பெரும்பாலான ஊர்களில் சாப்பாட்டுக்குப் பிறகு, பள்ளிக்கூடம் விடுவதற்கு முன் ஒன்றரை மணி நேரம் அமைதி கிடைக்கும். அந்த நேரத்தில் மின்விசிறியை நிறுத்தினால் வேர்த்துக் கொட்டும் என்பது வேறு விஷயம். பத்து நிமிடம் பேசி, இரண்டு நிமிடம் விசிறி போட்டு, மறுபடி பேசுங்கள்.

ஃப்ரிட்ஜையும் நிறுத்த வேண்டும். நிறுத்தும்போது வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் திரும்பப் போட மறந்து பால் திரிந்துவிடும்.

மின்தடை நாளில் இன்வெர்ட்டரில் ஓட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் தருவது சீரான சைன் அலை கிடையாது, லேப்டாப் சார்ஜர் வழியாக ‘ர்ர்ர்’ என்ற உறுமல் பதிவில் ஏறும். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும் பதிவு செய்யுங்கள். செல்போனை விமானப் பயன்முறையில் போட்டு நாலடி தள்ளி வையுங்கள்.

மைக்

வீட்டுப் பதிவுக்கு டைனமிக் மைக் போதும், சொல்லப்போனால் அதுதான் நல்லது. கண்டென்சர் மைக் நுட்பமானது, அந்த நுட்பத்தோடு பக்கத்துத் தெரு நாயையும் சேர்த்துப் பிடிக்கும். யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டு வாயும் உள்ள டைனமிக் மைக் வாங்கினால் இன்று லேப்டாப்பிலும் நாளை மிக்சரிலும் செருகலாம். சாம்சன் க்யூ2யு அப்படிப்பட்டது. மேடைக்காரர்கள் வைத்திருக்கும் ஷூர் எஸ்எம்58 கிடைத்தாலும் சரி, அதற்கு மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி தனியாக வேண்டும்.

வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் நாலு விரல் அகலம். நேராக ஊதாமல், மைக்கை வாயின் ஓரத்துக்கு லேசாகத் திருப்பி வையுங்கள். ‘அப்பா’, ‘பத்து’, ‘பக்கம்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘டப்’ என்று இடித்தால் இன்னும் கொஞ்சம் திருப்புங்கள். மிக நெருங்கினால் குரல் கனத்து, ஒப்பனை போட்டது போல ஆகும். சிலருக்கு அது பிடிக்கும், முப்பது நிமிடம் கேட்கிறவருக்குப் பிடிக்காது.

செல்போனும் கம்பி வைத்த காலர் மைக்கும் மட்டும் இருந்தாலும் தொடங்கலாம். செருகியில் எத்தனை கறுப்பு வளையம் என்று முதலில் எண்ணுங்கள். மூன்று இருந்தால் போனுக்கு ஆகும். இரண்டு இருந்தால் அது கேமராவுக்கானது, போனில் செருகினால் போன் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும், உங்களுக்குத் தெரியாது. காலர் மைக்கை நகத்தால் தட்டி, அந்தச் சத்தம் பதிவில் பெரிதாக வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பேட்டியைத் தொடங்க வேண்டும்.

காலர் மைக் தாடைக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் நிற்க வேண்டும். பட்டுப் புடவை உரசும், தோளில் போட்ட துண்டு உரசும், தாலிச் சங்கிலியும் உருத்திராட்சமும் மணி போல ஒலிக்கும். “துண்டைக் கொஞ்சம் மடியில வெச்சுக்கிறீங்களா ஐயா?” என்று கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ (ஒற்றைத் தடம்), வேவ் கோப்பு. நிமிடத்துக்கு 8.6 எம்பி ஆகும், ஒரு மணிப் பேட்டிக்கு 520 எம்பிக்கு இடம் ஒதுக்குங்கள். சத்தமாகச் சிரிக்கும் இடத்தில் முள் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடியும், சாதாரணப் பேச்சு மைனஸ் 12 பக்கத்தில் ஆடும்படியும் வையுங்கள். குறைவாகப் பதிவானதைப் பிறகு தூக்கலாம். பூஜ்யத்தில் முட்டிப் பிளந்த ஒலியை ஒட்ட வைக்க முடியாது. நாதஸ்வரமும் தவிலும் இருந்தால் கணக்கே வேறு. மைக்கை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, அணசுக்கு (நாதஸ்வரத்தின் விரிந்த முனைக்கு) நேராக இல்லாமல் பக்கவாட்டில் வைத்து, அவர்கள் உச்சத்தில் வாசிக்கும்போது அளவை வைத்துக்கொள்ளுங்கள். ‘சும்மா ஒரு தடவை வாசிங்க’ என்றால் மெதுவாகத்தான் வாசிப்பார்கள், அதை நம்பி அளவு வைத்தால் தவில் முத்தாய்ப்பில் எல்லாம் உடையும்.

காதுக்கு எழுதுவது

கும்பகோணம் மன்னார்குடி பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்து, ஒரு காதில் மட்டும் இயர்போன் செருகியிருக்கும் ஒரு அத்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் மட்டும் பேசுங்கள். ‘அன்பார்ந்த நேயர்களே’ என்று கூப்பிட்டால் அவர் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைப்பார். ‘நீங்க’ என்றால் திரும்பிப் பார்ப்பார்.

எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பேச்சு வழக்கில் எழுதுங்கள். ‘தண்ணீர் திறந்துவிடப்பட்டுள்ளது’ என்று தாளில் இருந்தால் வாயும் அதையே சொல்லும். ‘தண்ணி தொறந்துட்டாங்க’ என்று எழுதுங்கள். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால், எழுத்தில் நீண்ட வாக்கியம் தாங்கும், காதில் தாங்காது. யார் என்ன செய்தார் என்று தெரிய இருபது சொல் காத்திருக்க வேண்டி வந்தால் பஸ்ஸில் இருக்கும் அத்தை கண்டக்டரிடம் பேசப் போய்விடுவார். எண்களைச் சொல்லாகவே எழுதுங்கள். ‘2,350’ என்று இருந்தால் மைக் முன்னால் நாக்கு ஒரு கணம் தடுக்கும்.

1960களில் ஆடுதுறை 27 நெல் தஞ்சை மாவட்டத்தில் பரவியபோது உழவர்கள் அதை ரேடியோ நெல் என்றே சொன்னார்கள், வானொலியில் கேட்டுத்தான் விதை தேடிப் போனார்கள் என்பதால். ஒரு புது ரகத்தை அறிமுகம் செய்ய எத்தனை முறை, எவ்வளவு எளிமையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு பக்கத்தை வாசித்து நேரம் பார்த்து, நிமிடத்துக்கு எத்தனை சொல் வருகிறது என்று உங்கள் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு சாய்கோடு. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத்து, பின் குத்தக்கூடாது, வாசித்த தாளை ஓசையில்லாமல் பக்கத்தில் நழுவ விடுங்கள். நின்றுகொண்டு வாசித்தால் மூச்சு அடிவயிறு வரை போகும். வாய் உலர்ந்தால் ‘சப் சப்’ என்று ஒட்டும் சத்தம் வரும். அதற்குப் பேசும்போது குடிக்கும் தண்ணீர் உதவாது, ஒரு மணி நேரம் முன்பிருந்தே குடித்திருக்க வேண்டும். ழ, ள, ல மூன்றும் மூன்றாக வர வேண்டும். அதற்கு மேல் ஊர் வாடையைத் துடைக்காதீர்கள்.

முதல் இருபது நொடிக்குள் இன்றைக்கு என்ன விஷயம் என்று சொல்லிவிடுங்கள். வானொலிக்காரர் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ‘நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது’ என்று திரும்பச் சொல்வார், நடுவில் திருப்புகிறவர்களுக்காக. பாட்காஸ்ட்டை யாரும் நடுவில் திருப்புவதில்லை. ‘இன்று காலை’, ‘மணி இப்போது’ என்பதும் வேண்டாம். அத்தை அதை அடுத்த பொங்கலுக்கும் கேட்கலாம்.

பேட்டி

ஆமாம், இல்லை என்று முடியும் கேள்வியைக் கேட்காதீர்கள். “கஷ்டமான தொழிலா?” என்றால் “ஆமாங்க” என்று முடிந்துவிடும். நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடையும் ஒருவரிடம் “ஆச்சா மரம் நல்லா முத்துனதுன்னு எதை வெச்சுப் பார்ப்பீங்க?” என்று கேளுங்கள், பத்து நிமிடத்துக்கு நீங்கள் வாயே திறக்க வேண்டாம். அவர் முடித்த பிறகும் மூன்று நொடி சும்மா இருங்கள். நல்ல பதில் பெரும்பாலும் அந்த மூன்று நொடிக்குப் பிறகு வரும்.

‘ம்’ கொட்டுவது நம் பழக்கம், பெரியவர்கள் பேசும்போது கொட்டாவிட்டால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஆனால் பதிவில் ஒவ்வொரு வாக்கியத்தின் மேலும் ஒரு ‘ம்’ உட்கார்ந்திருந்தால் வெட்ட இடமே இருக்காது. தொடங்கும் முன்பே, “நான் சத்தமா ம் சொல்ல மாட்டேன், தலையாட்டுவேன், நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுக் கண்ணைப் பார்த்துத் தலையாட்டுங்கள்.

முதல் வரியாக அவர் பெயர், ஊர், பதிவு செய்து வெளியிடச் சம்மதம் ஆகியவற்றை அவர் வாயாலேயே பதிவு செய்யுங்கள். முடித்ததும் யாரும் எழுந்திருக்காமல் 30 நொடி அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களை ஒட்ட அது தேவைப்படும்.

சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் ஊர்க்காரரைப் பேட்டி எடுத்தால் வாட்ஸ்அப் அழைப்பின் ஒலியை அப்படியே பயன்படுத்தாதீர்கள். அவர் காதில் இயர்போன் போட்டு உங்களோடு பேசட்டும், இன்னொரு போனில் தன் குரலைத் தானே பதிவு செய்து பிறகு அனுப்பட்டும். தொடக்கத்தில் இருவரும் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக் கை தட்டினால், இரண்டு பதிவையும் அந்தத் தட்டலில் பொருத்திவிடலாம்.

வெட்டுவது

இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் போதும். வரிசை முக்கியம்: முதலில் தேவையில்லாததை வெட்டுவது, பிறகு இரைச்சல் குறைப்பு (6 முதல் 9 டெசிபலுக்கு மேல் போனால் குரல் தகரம் போல ஆகும்), பிறகு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை நீக்குவது, பிறகு 3:1 கம்ப்ரெஷன் (உரத்த இடங்களை அமுக்கி ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது), கடைசியாக ஒலியளவைச் சமன் செய்வது. கம்ப்ரெஷனை முதலில் போட்டால் இரைச்சலும் சேர்ந்து மேலே வந்துவிடும்.

சமன் செய்யும் இடத்தில் பலர் இடறுகிறார்கள். மோனோவை இரட்டை மோனோவாகக் கருதும் பெட்டியில் டிக் இருந்தால் மைனஸ் 16 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு), டிக் இல்லையென்றால் மைனஸ் 19. இரண்டும் காதுக்கு ஒன்றேதான். டிக்கும் போட்டு மைனஸ் 19ம் கொடுத்தால் பஸ் சத்தத்தில் குரல் அமுங்கிப் போகும். வெளியிடும் கோப்பு எம்பி3, மோனோ, 64 கிலோபிட். 30 நிமிடம் 15 எம்பிக்குள் அடங்கும், கோடியக்கரையில் ஒற்றைக் கோடு சிக்னலிலும் இறங்கும்.

தமிழில் வெட்டுவதற்கென்றே ஒரு ஆபத்து உண்டு. “இந்த மருந்த அடிச்சா புகையான் போயிடும்னு கடைக்காரர் சொன்னாரு” என்று புகையான் பூச்சியைப் பற்றி ஒரு விவசாயி சொல்கிறார். நேரம் மிச்சம் பிடிக்க ‘போயிடும்’ என்ற இடத்தில் வெட்டினால், கடைக்காரர் சொன்னது விவசாயியின் வாக்குமூலமாகிவிடும். வாக்கியத்தின் வால் வரை கேட்காமல் கத்தரிக்கோலை எடுக்கக்கூடாது.

பாட்டு

சினிமாப் பாட்டை, பத்து நொடியானாலும், உரிமை வாங்காமல் போடாதீர்கள். ‘பத்து நொடி வரை பரவாயில்லை’ என்று ஒரு சட்டமும் இல்லை. வானொலி நிலையங்கள் ஒலிபரப்புக்கு மொத்தமாக உரிமம் வாங்கி வைத்திருக்கும், அது பாட்காஸ்ட்டுக்குத் தானாக நீளாது. 1942இல் தொடங்கிய பிபிசியின் ‘டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’ நிகழ்ச்சியில் விருந்தினர் எட்டு இசைத்தட்டைத் தேர்ந்தெடுப்பார். அதன் பாட்காஸ்ட் வடிவில் பாட்டுகள் குறுகித்தான் வருகின்றன.

தியாகராஜர் 1847இல் மறைந்தவர், அவருடைய கிருதிக்கு இன்று உரிமை கோர ஆளில்லை. ஆனால் அதை ஒரு வித்வான் பாடிய இசைத்தட்டுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு தனி உரிமை உண்டு. உள்ளூரில் நாதஸ்வரம் படிக்கும் ஒரு பிள்ளையை 15 நொடி வாசிக்கச் சொல்லி, கையிலே சம்பளம் கொடுத்து, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். முகப்பிசை முடிந்தது.

அடுத்த படி

பிரிட்டனில் பல அறிவிப்பாளர்களின் முதல் மைக் ஆஸ்பத்திரி வானொலியுடையது. நோயாளிகளின் படுக்கைக்குப் பக்கத்தில் மட்டும் கேட்கும், சம்பளமில்லாத நிலையம். பிபிசி அறிவிப்பாளராக இருந்த கென் புரூஸ் கிளாஸ்கோவில் அப்படித்தான் தொடங்கினார். டெல்டாவில் அந்த இடத்தில் இருப்பவை சமுதாய வானொலிகள், தஞ்சாவூர் வல்லத்திலும் நாகை விழுந்தமாவடியிலும் அமைந்தவை போல. 100 வாட் ஒலிபரப்பி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கேட்கும், சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை. ஆனால் ஊர்க்காரர்களின் குரல் அவர்களுக்கு எப்போதும் தேவை. முடித்த மூன்று பாகத்தை பென்டிரைவில் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். 1939இல் தொடங்கிய திருச்சி வானொலியும், காரைக்கால் நிலையமும் பகுதிநேர அறிவிப்பாளர்களுக்கு அவ்வப்போது விளம்பரம் கொடுத்து எழுத்துத் தேர்வும் குரல் தேர்வும் வைக்கும். இளையபாரதம் நிகழ்ச்சி இளைஞர்களுக்கென்றே இருப்பது.

அங்கே போனால் புதிதாகக் கற்க வேண்டியது கடிகாரம். பாட்காஸ்ட் 27 நிமிடமும் ஓடலாம், 34ம் ஓடலாம், நிலையத்தில் 29 நிமிடம் என்றால் 29தான். பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். முடிவுரை 40 நொடி, கடைசிப் பாட்டு 4 நிமிடம் 10 நொடி என்றால், 24 நிமிடம் 10 நொடியில் பாட்டு தொடங்கியே ஆக வேண்டும். வீட்டில் பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பழகலாம்.

தேர்வுக்கு அனுப்பும் மாதிரிப் பதிவு இரண்டு மூன்று நிமிடம் போதும். முதல் 15 நொடியில் உங்கள் சிறந்த துண்டு, பாட்டுகளை வெட்டிவிட்டுக் குரல் மட்டும்.

கென் புரூஸ் 2023 மார்ச்சில் பிபிசியை விட்டு வேறு நிலையத்துக்குப் போனபோது, 1998 முதல் நடத்திவந்த ‘பாப்மாஸ்டர்’ வினாடி வினாவையும் கூட்டிக்கொண்டு போனார். பெயரை முன்பே வணிகக் குறியாகப் பதிவு செய்து வைத்திருந்தார். ஆகவே உங்கள் நிகழ்ச்சிக்கு வைக்கும் பெயர், முகப்புப் படம் (3000க்கு 3000 பிக்சல் சதுரம்), வெளியீட்டுக் கணக்கின் மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாம் உங்கள் பெயரில் இருக்கட்டும், உதவிக்கு வந்த நண்பரின் பெயரில் வேண்டாம். விதைக்கடையோ ஜவுளிக்கடையோ விளம்பரம் கொடுத்தால், கேட்டவர் எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று பேசாமல் மாதத்துக்கு இவ்வளவு என்று 13 வாரத்துக்கு ஒரே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வெட்டாத மூல வேவ் கோப்புகளை இரண்டு ஹார்டு டிஸ்கில் வையுங்கள், ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று தண்ணீர் ஏறாத மேட்டுத்தெருவில் யாராவது உறவினர் வீட்டில்.